ஏஐ கோடிங் உதவியாளர்: மாதக் கட்டணம் எகிறுவது ஏன்? டோக்கன் செலவு கூடும் இடங்களும் குறைக்கும் வழிகளும்

புதுடெல்லி: மென்பொருள் நிரல் எழுதுவதற்குச் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பயன்படுத்தும் பலருக்கு, மாத இறுதியில் வரும் கட்டண விவரம் அதிர்ச்சி அளிக்கிறது. அவர்கள் தட்டச்சு செய்தது நான்கைந்து பக்கங்கள்கூட இருக்காது. கணக்கிலோ பல லட்சம் டோக்கன்கள் செலவானதாகக் காட்டும். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், வேலையின் தரத்தைக் குறைக்காமலேயே செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவர முடியும்.

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. கிட்ஹப் நிறுவனம் 2022 ஜூன் மாதம் ‘கோபைலட்’ சேவையைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தபோது, தனிநபர்களுக்கு மாதம் 10 டாலர் என்ற ஒரே கட்டணம்தான் இருந்தது. நிரலாளர் எழுதத் தொடங்கும் வரியை முடித்துக்கொடுப்பதே அப்போது அதன் முதன்மைப் பணி. இன்றைய உதவியாளர்கள் கோப்புகளைத் தாமே திறந்து படிக்கின்றன, கட்டளைகளை இயக்குகின்றன, சோதனை தோற்றால் பிழையைத் தேடித் திருத்தி மீண்டும் இயக்குகின்றன. பயனர் கேட்டது ஒன்றே ஒன்றாக இருக்கும். அதன் பின்னால் ஏஐ மாடலுக்கு முப்பது, நாற்பது அழைப்புகள் போயிருக்கும்.

இத்தகைய பயன்பாட்டை ஒரே கட்டணத்தில் தொடர்ந்து வழங்குவது நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2025 ஜூன் மாதம் கோபைலட், 10 டாலர் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உயர்தர மாடல்களிடம் கேட்கும் வேண்டுகோள்களை மாதம் 300 என்று எண்ணத் தொடங்கியது. அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 4 சென்ட் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. அதே மாதத்தில் ‘கர்சர்’ செயலியும் தனது கட்டண முறையை மாற்றியது. எதிர்பாராத கட்டணம் பிடிக்கப்பட்டதாகப் பயனர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, ஜூலை 4 அன்று அந்நிறுவனம் மன்னிப்புக் கோரிப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. ‘கிளாட் கோட்’ கருவியை வழங்கும் ஆந்த்ரோபிக் நிறுவனம், தனது சந்தாதாரர்களுக்கு 2025 ஆகஸ்ட் 28 முதல் வாராந்திர உச்சவரம்பைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் இந்தச் செலவு கூடுதலாகவே உறுத்துகிறது. விலை டாலரில் நிர்ணயிக்கப்படுகிறது. 2025 டிசம்பரில் டாலர் மதிப்பு 90 ரூபாயைத் தாண்டியது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத தனிநபருக்கு 18 சதவீத வரியும் அதன்மேல் சேரும். பெரிய நிறுவன ஊழியருக்கு இது அலுவலகக் கணக்கு. வீட்டிலிருந்து வாடிக்கையாளர்களுக்குச் செயலி உருவாக்கித் தரும் தனிநபருக்கும், மூன்று பேர் நடத்தும் சிறு நிறுவனத்துக்கும், இறுதியாண்டுத் திட்டப்பணி செய்யும் மாணவருக்கும் இது கைப்பணம்.

டோக்கன் என்பது என்ன?

ஏஐ மாடல்கள் எழுத்தை எழுத்தாகப் படிப்பதில்லை. உரையைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கின்றன. அந்தத் துண்டுதான் டோக்கன். ஆங்கிலத்தில் சுமார் 4 எழுத்துகளுக்கு ஒரு டோக்கன், 75 சொற்களுக்குச் சுமார் 100 டோக்கன் என்பது பொதுவான கணக்கு. நிரலில் அடைப்புக்குறிகளும் இடைவெளிகளும் மாறிப் பெயர்களும் நிறைந்திருப்பதால் எண்ணிக்கை சற்றுக் கூடும்.

கட்டணம் இரண்டு பிரிவாக வசூலிக்கப்படுகிறது. மாடலுக்கு அனுப்பப்படுவது உள்ளீடு. மாடல் எழுதித் தருவது வெளியீடு. 2025ஆம் ஆண்டின் இறுதி நிலவரப்படி, ஆந்த்ரோபிக்கின் ‘சானெட் 4.5’ மாடலுக்கு 10 லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு 3 டாலரும், அதே அளவு வெளியீட்டுக்கு 15 டாலரும் விலை. ஓபன்ஏஐயின் ‘ஜிபிடி-5’ மாடலுக்கு முறையே 1.25 டாலரும் 10 டாலரும். வெளியீட்டின் விலை பல மடங்கு அதிகம் என்பதால், பதிலைச் சுருக்கினால் செலவு குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். நிரல் எழுதும் உதவியாளரைப் பொறுத்தவரை பணம் பெரும்பாலும் போவது உள்ளீட்டில்தான்.

நினைவில்லாத இயந்திரம்

இதற்குக் காரணம் எளிமையானது. மாடலுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு அழைப்பின்போதும் உரையாடல் முழுவதும் முதலிலிருந்து மீண்டும் அனுப்பப்படுகிறது. முதல் சுற்றில் திறந்து படித்த கோப்பு, மூன்றாம் சுற்றில் வந்த பிழைச் செய்தி, பத்தாம் சுற்றில் கைவிடப்பட்ட யோசனை ஆகிய அனைத்தும் நாற்பதாம் சுற்றிலும் மாடலுக்குப் போகின்றன. ஒவ்வொரு முறையும் அவற்றுக்குக் கட்டணம் உண்டு. ஒவ்வொரு சந்திப்பிலும் பழைய கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவேன் என்று சொல்லி, படிக்கும் நேரத்துக்கும் கட்டணம் வாங்கும் வழக்கறிஞரைப் போன்றது இது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்தில் 10,000 டோக்கன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உதவியாளருக்கான நிலையான அறிவுறுத்தல்களும் கருவிகளின் விவரமும் சேர்ந்தால் இவ்வளவு எளிதில் வந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் கோப்பின் பகுதிகள், கட்டளையின் விளைவு, மாடலின் பதில் என 3,000 டோக்கன் கூடுகிறது. மொத்தம் 40 சுற்றுகள். கடைசிச் சுற்றில் அனுப்பப்படுவது 1,27,000 டோக்கன்தான். ஆனால் 40 சுற்றுகளிலும் அனுப்பப்பட்டதைக் கூட்டினால் 27,40,000 வருகிறது. சானெட் விலையில் இது 8.22 டாலர், ஒரு டாலருக்கு 90 ரூபாய் எனக் கொண்டால் சுமார் 740 ரூபாய். சுற்றுக்கு 500 டோக்கன் வீதம் மாடல் எழுதிய பதில்களின் விலை 27 ரூபாய் மட்டுமே. பயனர் தட்டச்சு செய்த 300 ஆங்கிலச் சொற்கள் வெறும் 400 டோக்கன். அவை இந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியாது.

இதே 40 சுற்று வேலை, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சிறு வேலைகளாக இருந்தால்? ஒவ்வொன்றையும் புதிய உரையாடலில், 10 சுற்றுகளில் முடித்தால் மொத்த உள்ளீடு 9,40,000 டோக்கனாகக் குறைகிறது. செலவு 254 ரூபாய், அதாவது மூன்றில் ஒரு பங்கு. புதிய உரையாடலில் சில கோப்புகளை மீண்டும் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் நடைமுறையில் சேமிப்பு இதைவிடச் சற்றுக் குறையும். ஆனாலும் திசை இதுதான். உரையாடல் நீள நீள, செலவு அதன் நீளத்தின் விகிதத்தில் கூடுவதில்லை. அதைவிட வேகமாக ஏறுகிறது.

ஆகவே ஒரு பிழையைத் திருத்தி முடித்ததும், அதே உரையாடலில் அடுத்த பக்கத்தின் வடிவமைப்பைப் பற்றிக் கேட்கும் பழக்கத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும். கிளாட் கோட் கருவியில் சாய்கோட்டுடன் ‘கிளியர்’ என்று தட்டினால் பழைய உரையாடல் நீங்கிவிடும். மற்ற கருவிகளில் புதிய உரையாடல் தொடங்கும் பொத்தான் இருக்கும். வேலை முடியவில்லை, ஆனால் உரையாடல் நீண்டுவிட்டது என்றால், அதுவரை எடுத்த முடிவுகள், மாற்றிய கோப்புகள், மீதமுள்ள பணி ஆகியவற்றை ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதிவைக்குமாறு உதவியாளரிடமே சொல்லலாம். பிறகு புதிய உரையாடலைத் தொடங்கி, அந்தக் குறிப்பைப் படிக்கச் சொன்னால் போதும். உரையாடலைத் தானாகச் சுருக்கும் ‘காம்பாக்ட்’ வசதியும் பல கருவிகளில் உண்டு. ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதை அங்கே இயந்திரம் தீர்மானிக்கிறது. நாமே சரிபார்த்த குறிப்புக் கோப்பு அதைவிட நம்பகமானது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இதில் பணத்தைத் தாண்டிய ஒரு பயனும் உண்டு. நீண்ட உரையின் நடுவில் இருக்கும் தகவலை மாடல்கள் தவறவிடுவதை 2023 முதலே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டி வருகின்றனர். கைவிட்ட யோசனைகள் நிறைந்த நீண்ட உரையாடலில் உதவியாளர் பழைய தவற்றுக்கே திரும்புவதைப் பயனர்கள் பலர் கண்டிருப்பர்.

கேச் என்னும் தள்ளுபடி

மேற்கண்ட 740 ரூபாய்க் கணக்கைப் பார்த்ததும், உண்மையில் இவ்வளவு ஆவதில்லையே என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லக்கூடும். அதற்குக் காரணம் கேச். ஒரு முறை அனுப்பிய உரையின் தொடக்கப் பகுதி மாறாமல் மீண்டும் வந்தால், அதைச் செயலாக்கிய நிலையில் நிறுவனம் சேமித்துவைத்திருக்கும். ஆந்த்ரோபிக் இந்த வசதியை 2024 ஆகஸ்டிலும், ஓபன்ஏஐ அதே ஆண்டு அக்டோபரிலும் அறிமுகப்படுத்தின. ஆந்த்ரோபிக்கின் விலைப்படி, கேச்சில் இருந்து படிக்கப்படும் டோக்கனுக்கு வழக்கமான விலையில் பத்தில் ஒரு பங்குதான். முதல் முறை கேச்சில் எழுதுவதற்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். ஓபன்ஏஐயில் 1,024 டோக்கனுக்கு மேற்பட்ட உள்ளீட்டுக்குக் கேச் தானாகவே செயல்படும்.

அதே 40 சுற்று உரையாடலில் கேச் முழுமையாக வேலை செய்தால், 740 ரூபாய் 113 ரூபாயாகிவிடும். நான்காகப் பிரித்து, கேச்சும் வேலை செய்தால் 71 ரூபாய். ஆக, பல உத்திகளைத் தேடுவதைவிட, கேச் உடையாமல் பார்த்துக்கொள்வதே மிகப் பெரிய சேமிப்பு.

எதனால் உடைகிறது? கேச் தொடக்கத்திலிருந்து ஒப்பிடப்படுகிறது. நடுவில் ஓர் எழுத்து மாறினாலும் அதற்குப் பின்னால் இருப்பவை அனைத்தும் முழு விலைக்குத் திரும்பிவிடும். சொந்தமாக ஏபிஐ வழியாகக் கருவி உருவாக்குவோர் சிலர், அறிவுறுத்தலின் முதல் வரியில் தேதியையும் நேரத்தையும் நொடிக் கணக்கில் சேர்த்துவிடுகின்றனர். ஒவ்வொரு அழைப்பிலும் அந்த வரி மாறுவதால், அவர்களுக்குக் கேச் என்ற ஒன்று இல்லவே இல்லை. மாறாத பகுதி முன்னால், மாறும் பகுதி பின்னால் என்று வரிசையை மாற்றியமைப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். உரையாடலின் நடுவே மாடலை மாற்றுவது, கருவிகளைச் சேர்ப்பது அல்லது நீக்குவது ஆகியவையும் கேச்சை உடைக்கும். மலிவான மாடலுக்கு நடுவழியில் மாறினால் மிச்சமாகும் என்று நினைத்து, முழு உரையாடலையும் புதிய மாடலுக்கு முதலிலிருந்து படிக்கக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இன்னொரு காரணம் காலம். ஆந்த்ரோபிக்கின் கேச் இயல்பாக 5 நிமிடம் உயிரோடு இருக்கும். ஒவ்வொரு பயன்பாட்டிலும் அந்த 5 நிமிடம் புதுப்பிக்கப்படும். ஒரு மணி நேரக் கேச்சும் உண்டு. அதில் எழுதும் விலை இரு மடங்கு. தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் 5 நிமிடம் கடந்துவிடும். அதற்காகத் தேநீரைத் துறக்க வேண்டியதில்லை. நம் எடுத்துக்காட்டில் 1,27,000 டோக்கன் சேர்ந்த உரையாடலுக்கு மதிய உணவு முடித்துத் திரும்பி ‘தொடரவும்’ என்று ஒரு சொல் தட்டினால், அந்த ஒரு சொல்லுக்கு 43 ரூபாய் ஆகும். எழுந்து போவதற்கு முன் குறிப்புக் கோப்பை எழுதச் சொல்லிவிட்டு, வந்ததும் புதிய உரையாடலில் தொடங்குவது மலிவு.

உள்ளே குவிபவை

அடுத்து, அந்த 3,000 டோக்கனில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பகுதி, உதவியாளர் தானே தேடிப் படித்தவை. “உள்நுழைவுப் பக்கம் வேலை செய்யவில்லை, சரிசெய்” என்று சொன்னால், அது திட்டத்தின் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும். எந்தக் கோப்பில், எந்தச் செயற்கூறில், என்ன உள்ளீடு கொடுத்தால், என்ன பிழை வருகிறது என்று நான்கு வரி எழுதினால் இந்தத் தேடல் மிச்சம். வேண்டுகோளைச் சுருக்கமாக எழுதுவது சிக்கனம் என்ற எண்ணம் இங்கே தலைகீழாகிறது. 50 டோக்கன் கூடுதலாக எழுதுவதால் 20,000 டோக்கன் படிப்பது தவிர்க்கப்படலாம்.

சோதனை விளைவுகளும் பதிவுக் கோப்புகளும் அடுத்த பெருஞ்செலவு. நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடும்போது ஒவ்வொன்றும் வெற்றி என்று ஒரு வரி வந்தால், அவ்வளவும் உரையாடலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் படிக்கப்படும். தோற்ற சோதனைகளை மட்டும் காட்டும்படி இயக்கவும், பதிவுக் கோப்பில் கடைசி 50 வரிகளை அல்லது பிழைச் சொல் உள்ள வரிகளை மட்டும் எடுக்கவும் நிலையான அறிவுறுத்தலிலேயே சொல்லிவைக்கலாம். சார்பு நூலகங்களின் கோப்புறை, தானாக உருவாகும் பூட்டுக் கோப்புகள், சுருக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஆகியவற்றை உதவியாளர் திறக்காதபடி விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் கட்டாயம். மனிதர் யாரும் படிக்காத கோப்பைப் பணம் கொடுத்து இயந்திரத்தைப் படிக்கவைக்க வேண்டியதில்லை.

அந்த நிலையான அறிவுறுத்தல் கோப்பே சில இடங்களில் சுமையாகிவிடுகிறது. திட்டத்தின் வரலாறு, குழுவின் கொள்கை, எழுத்துநடை விதிகள் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருப்பர். அது ஒவ்வோர் உரையாடலிலும் ஏற்றப்படுகிறது. திட்டத்தை இயக்கும் கட்டளை, சோதிக்கும் கட்டளை, கோப்புறை அமைப்பு, செய்யக்கூடாத சில விஷயங்கள் ஆகியவை இருந்தால் போதும். மீதியைத் தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும்போது படிக்கச் சொல்லலாம்.

2024 நவம்பரில் அறிமுகமான ‘எம்சிபி’ இணைப்புகளையும் கவனிக்க வேண்டும். தரவுத்தளம், பிரவுசர், பணிப் பட்டியல் எனப் பலவற்றோடு உதவியாளரை இணைக்கும் வசதி இது. ஒவ்வோர் இணைப்பும் தன்னிடமுள்ள கருவிகளின் விளக்கத்தை உரையாடலின் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுவது வழக்கம். ஏழெட்டு இணைப்புகள் இருந்தால், பயனர் ஒரு சொல் தட்டும் முன்பே பல ஆயிரம் டோக்கன் போயிருக்கும். கிளாட் கோட் கருவியில் ‘கான்டெக்ஸ்ட்’ என்ற கட்டளை, எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பிரித்துக் காட்டும். ஒரு முறை அதைப் பார்த்தாலே எந்த இணைப்பை அணைக்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.

மேலும், சில மாடல்களில் உள்ளீடு 2 லட்சம் டோக்கனைத் தாண்டினால் விலையே மாறிவிடும். கூகுளின் ‘ஜெமினி 2.5 புரோ’ மாடலில் அந்த எல்லை வரை 10 லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு 1.25 டாலர், தாண்டினால் 2.50 டாலர். பெரிய உள்ளீட்டை ஏற்கும் திறன் இருக்கிறது என்பதற்காக மொத்தத் திட்டத்தையும் கொட்டுவது இரட்டிப்பு விலைக்கு வழிவகுக்கும்.

மலிவான மாடல் எப்போதும் மலிவா?

ஆந்த்ரோபிக்கின் ‘ஹைக்கூ 4.5’ மாடலுக்கு 10 லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு 1 டாலர், சானெட்டுக்கு 3, ‘ஓபஸ் 4.5’ மாடலுக்கு 5. சோதனை எழுதுவது, குறிப்புரை சேர்ப்பது, ஒரே மாதிரியான மாற்றத்தைப் பல கோப்புகளில் செய்வது போன்றவற்றைச் சிறிய மாடலிடம் தாராளமாக ஒப்படைக்கலாம். சிக்கலான பிழையைச் சிறிய மாடலிடம் கொடுத்து, அது மூன்று முறை தவறான வழியில் போய், ஒவ்வொரு முறையும் உரையாடலை நீட்டினால், பெரிய மாடலின் ஒரே முயற்சியைவிடச் செலவு கூடும். ஒரு டோக்கனின் விலையைப் பார்ப்பதைவிட, முடிந்த ஒரு வேலைக்கு ஆன விலையைப் பார்ப்பதே சரியான அளவுகோல்.

சிந்தித்துப் பதில் தரும் மாடல்களில், அந்தச் சிந்தனை டோக்கன்களும் வெளியீட்டு விலைக்கே கணக்கிடப்படுகின்றன. எளிய வேலைகளுக்குச் சிந்தனை அளவைக் குறைத்துவைக்கும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. ஒரே நேரத்தில் பல துணை உதவியாளர்களை ஏவும் வசதியிலும் எச்சரிக்கை தேவை. ஆய்வுப் பணிக்கான தனது பல்முகவர் அமைப்பு, சாதாரண உரையாடலைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன் செலவழிப்பதாக ஆந்த்ரோபிக்கே 2025 ஜூனில் தெரிவித்துள்ளது.

வேலையைத் தொடங்கும் முன் திட்டத்தை மட்டும் எழுதச் சொல்லி, அதைப் படித்துத் திருத்திய பிறகு நிரலை எழுத அனுமதிப்பது நல்ல வழக்கம். தவறான திட்டத்தைத் திருத்த ஓரிரு வரிகள் போதும். தவறான திட்டப்படி எழுதி முடித்த பன்னிரண்டு கோப்புகளைத் திருத்துவதற்கு உரையாடல் முழுவதும் மீண்டும் ஓட வேண்டும். உதவியாளர் திசை மாறுவது தெரிந்ததும் முடியும்வரை காத்திராமல் நிறுத்திவிட வேண்டும்.

சில வேலைகளுக்கு ஏஐ தேவையே இல்லை. ஒரு மாறியின் பெயரைத் திட்டம் முழுவதும் மாற்றுவது, நிரலை ஒழுங்காக வரிசைப்படுத்துவது போன்றவற்றை நிரல் தொகுப்பான் ஒரு பைசா செலவின்றி, பிழையின்றி, நொடியில் செய்யும். அதையும் உதவியாளரிடம் கேட்பது பழக்கமாகிவிட்டது என்பதே உண்மை. அவசரமில்லாத மொத்த வேலைகளுக்கு, உதாரணமாக ஐந்நூறு கோப்புகளுக்கு விளக்கவுரை எழுதுவதற்கு, ஓபன்ஏஐயும் ஆந்த்ரோபிக்கும் தொகுதி முறையில் 50 சதவீதத் தள்ளுபடி தருகின்றன. முடிவுகள் 24 மணி நேரத்துக்குள் கிடைக்கும்.

தமிழில் கேட்டால் செலவு கூடுமா?

கூடும், ஆனால் அஞ்சும் அளவுக்கு இல்லை. டோக்கன் பிரிப்பு முறைகள் ஆங்கிலத்துக்குச் சாதகமாக அமைந்தவை. கணினியில் ஒரு தமிழ் எழுத்துக்குறி யூனிகோட் யுடிஎப்-8 முறையில் 3 பைட் இடம் பிடிக்கிறது. ஓபன்ஏஐ 2024 மே மாதம் ‘ஜிபிடி-4ஓ’ மாடலை வெளியிட்டபோது தந்த ஒப்பீட்டில், ஒரே வாசகம் தமிழில் முன்பு 116 டோக்கனாக இருந்து 35 ஆகக் குறைந்தது. ஆங்கிலத்தில் அது 27இலிருந்து 24 ஆனது. இடைவெளி பெருமளவு குறைந்திருந்தாலும் முற்றிலும் நீங்கவில்லை. மற்ற நிறுவனங்களின் பிரிப்பு முறையில் இந்த விகிதம் வேறுபடும்.

ஆயினும் முன்பு பார்த்த கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். பயனர் தட்டச்சு செய்வது மொத்தத்தில் மிகச் சிறு பங்கு. 400 டோக்கன் வேண்டுகோள் தமிழில் மும்மடங்காகி 1,200 ஆனாலும், கேச் இல்லாமலேயே 40 சுற்றுகளுக்கும் சேர்த்துக் கூடுதல் செலவு 9 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறி அரைகுறையாக விளக்கி, உதவியாளரைத் தவறான கோப்புகளில் அலையவிடுவதைவிட, தெளிந்த தமிழில் நான்கு வரி எழுதுவது சிக்கனமானது. தமிழ் உண்மையில் செலவை ஏற்றும் இடம் வேறு. செயலியின் தமிழ் மொழிபெயர்ப்புச் சொற்கள் ஆயிரக்கணக்கில் அடங்கிய கோப்பை உதவியாளர் முழுதாகத் திறந்துவிட்டால், அது உரையாடலின் கடைசிவரை கூடவே வரும். அந்தக் கோப்பில் தேவையான வரியை மட்டும் தேடி எடுக்குமாறு முன்கூட்டியே அறிவுறுத்த வேண்டும்.

சந்தாவா, பயன்பாட்டுக் கட்டணமா?

நாள்தோறும் பல மணி நேரம் பயன்படுத்துவோருக்கு மாதச் சந்தாவே பெரும்பாலும் மலிவு. அங்கும் டோக்கன் சிக்கனம் வீணாகாது; உச்சவரம்பு மாலைக்கு முன்பே தீர்ந்துபோவதைத் தவிர்க்கும். வாரத்தில் ஓரிரு நாள் பயன்படுத்துவோர் ஏபிஐ வழியாகச் செலவான அளவுக்குக் கட்டணம் செலுத்தலாம். சொந்தக் கணினியில் இயங்கும் திறந்த மாடல்களும் உள்ளன. ‘ஒல்லாமா’ மென்பொருளில் ‘குவென் கோடர்’ போன்றவற்றை இறக்கிக்கொண்டால் டோக்கன் கட்டணம் இல்லை. ஆனால் ஓரளவு திறனுள்ள மாடலுக்கே நல்ல கிராபிக்ஸ் அட்டை வேண்டும். நீண்ட, பல கோப்புகள் சார்ந்த பணிகளில் அவை பெரிய மாடல்களுக்கு ஈடாவதில்லை.

ஏபிஐ வழியைத் தேர்ந்தெடுப்போர், முதல் அழைப்புக்கு முன்பே கணக்குப் பக்கத்தில் மாதச் செலவு உச்சவரம்பை நிர்ணயிக்க வேண்டும். முன்பணம் தீர்ந்தால் அட்டையிலிருந்து தானாக நிரப்பும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுவது நல்லது. இரவில் உதவியாளரை ஓடவிட்டுத் தூங்கச் சென்றவருக்கு, ஒரே பிழையைச் சுற்றிச் சுற்றி வந்த இயந்திரத்தின் கணக்கு காலையில் காத்திருக்கக்கூடும். உச்சவரம்பு இருந்தால் அது அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

ஏபிஐ சாவியை நிரலுக்குள் எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடும் தவறும் தொடர்ந்து நடக்கிறது. அத்தகைய சாவிகளைத் தேடி எடுப்பதற்கென்றே தானியங்கி நிரல்கள் இணையத்தில் சுற்றுகின்றன. கிடைத்ததும் வேறு யாரோ பயன்படுத்த, கட்டணம் சாவியின் உரிமையாளருக்கு வரும். சாவியைச் சூழல் மாறியில் வைத்து, அந்தக் கோப்பைக் கிட் விலக்குப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தவறுதலாக ஏற்றிவிட்டால், கோப்பை நீக்குவது மட்டும் போதாது. பழைய பதிப்புகளில் அது இருந்துகொண்டே இருக்கும். கணக்குப் பக்கத்துக்குச் சென்று அந்தச் சாவியை உடனே ரத்து செய்துவிட்டுப் புதியது பெற வேண்டும். திட்டத்துக்கு ஒரு சாவி என்று தனித்தனியாக வைத்திருந்தால், எந்தத் திட்டம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதும் மாத இறுதியில் தெரியவரும்.